எங்கள் மேட்டுக்கு ஒரு முழுநாள் சுற்றுலா

எங்கள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றால் மேட்டம்மனின் வேப்பமரம் தெரியும். நடுவில் முக்கால் கிலோமீட்டர் தண்ணீர், அவ்வளவுதான். அந்த மேட்டுக்குப் போவதற்காக நான், என் மனைவி தரணி, எங்கள் மகள் ஹரிதா, தரணியின் தம்பி ஜெயபிரகாஷ் ஆகிய நான்கு பேரும் காலையில் முதல் பஸ் பிடித்து, எதிர்த்திசையில் முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருப்பதிக்குப் போனோம். தீவுச் சுற்றுலா அங்கிருந்துதான் புறப்படும். இடையில் ஏற முடியாது.

எங்களுக்குப் பைத்தியம் எதுவும் பிடித்திருக்கவில்லை. சுற்றுலாவை நடத்தும் கழகத்துக்கு ஒரு விதி இருந்தது.

புத்தூருக்குக் கிழக்கே நாகலேரிக் கண்டிகையில் தமிழ் பேசும் வீடுகள் அறுபது. மாந்தோப்பு, வேர்க்கடலை, கொஞ்சம் கரும்பு. எங்கள் அறுபது வீட்டுக்கும் குலதெய்வம் மேட்டம்மன். சிலை கிடையாது, மஞ்சள் பூசிய ஒரு கல். எந்தக் குழந்தைக்கும் முதல் முடி அவளுக்குத்தான், அதற்கப்புறம்தான் திருமலை. பெருமாள் பக்கத்து ஊர்க்காரர் என்பதற்காக நாங்கள் வரிசையை மாற்றுவதில்லை. முதல் முடியை மூன்று வயது முடிவதற்குள் இறக்கிவிட வேண்டும். ஹரிதாவுக்கு அது போக ஒரு வேண்டுதலும் இருந்தது. ஒன்றரை வயதில் டெங்கு வந்து சித்தூர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். அப்போது தரணி அந்த வராந்தாவில் உட்கார்ந்து, "பொழைக்க வெச்சா உன் காலடியிலயே முடி எறக்குறேன்மா" என்று சொல்லியிருந்தாள். பிழைக்க வைத்தாகிவிட்டது. மூன்று வயது முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மேடு மேடாகத்தான் இருந்தது, நடந்தே போவோம். ஏரியை நீர்த்தேக்கமாக்கப் போகிறோம் என்று கிருஷ்ணப்பா என்ற பொறியாளர் ஊருக்குக் கூட்டம் போட வந்தார். எங்கள் ஊரில் எல்லாருக்கும் சந்தைத் தெலுங்கு வரும், ஆபீஸ் தெலுங்கு வராது. நான் தெலுங்கு மீடியத்தில் படித்தவன். அவர் சொல்வதை ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். "அம்மனுக்கும் உங்களுக்கும் நடுவில் பாலம் வரும். பாலம் வராமல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாது. இது துறையின் வாக்கு." எல்லாரும் என் முகத்தைப் பார்த்து, "இன்னா எத்திராஜு, நம்பலாமா?" என்று கேட்டார்கள். அவர் சொல்லாத ஒரு வார்த்தையை அன்றைக்கு நான் கையிலிருந்து போட்டேன். "நம்பலாம்" என்றேன். அறுபது வீடும் கையெழுத்துப் போட்டது.

தண்ணீர் ஏறிவிட்டது. பாலம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்திருக்கிறது. அட்டையில் செய்து பெயின்ட் அடித்து, சித்தூர் ஆபீஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும் குட்டி விளக்குக்கூட எரிகிறது. கொஞ்ச நாளில் வேறொரு அமைப்பு முளைத்தது. அதன் பெயர் உஷ்ணமண்டலத் தீவு அனுபவக் கழகம். எங்கள் மேட்டைத் தீவு என்று அறிவித்துவிட்டு, ஊர்ப் பரிசல்களைக் கரையேற்றிப் பூட்டுப் போட்டார்கள்.

முடி இறக்க அனுமதி கேட்டு சித்தூரில் கழகத்தின் ஆபீஸுக்குப் போனேன். புருஷோத்தமன் என்கிற கிளார்க் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். விலாசம் கேட்டார், சொன்னேன். உடனே பேனாவுக்கு மூடி போட்டுவிட்டார்.

"நீங்க ஹோஸ்ட்டுங்க. தீவைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டருக்குள்ள இருக்கறவங்க எல்லாம் ஹோஸ்ட். டூரிஸ்ட்டுக்குத்தான் டிக்கெட்."

"நாங்க எப்ப சார் ஹோஸ்ட் ஆனோம்?"

"போன மார்ச்சில."

"சரி சார், ஹோஸ்ட்டு தீவுக்குப் போகணும்னா இன்னா வழி?"

அவர் உண்மையாகவே குழம்பிப் போனார். "ஹோஸ்ட் எதுக்குப் போகணும்? அவங்க அங்கயே இருக்கறவங்கதான?"

இதற்கு மேல் அவரிடம் என்ன பேச? ஜெயபிரகாஷ் சித்தூரில் மாங்கூழ்த் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவனுடைய வாடகை வீட்டு விலாசத்தைக் கொடுத்து, நான்கு பேரும் வெளியூர்க்காரர்களாக மாறி டிக்கெட் வாங்கினோம். முழுநாள் வழிகாட்டியுடன் கூடிய தீவுச் சுற்றுலா, மதிய உணவு உட்பட. சவரக்கத்தி ஜெயபிரகாஷின் டிபன் டப்பாவில் இருந்தது. லாக்டவுன் காலத்தில் ஊர்பூராவுக்கும் முடி வெட்டிப் பழகியவன் அவன். தாய்மாமனே மடியில் உட்கார்த்திக்கொண்டு தாய்மாமனே மழித்துவிடுவது என்று ஏற்பாடு.

திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். நாற்பது பேர் இருப்போம். முக்கால்வாசி சாமி பார்த்துவிட்டு வந்த வேலூர், ஆரணிப் பக்கத்து ஜனங்கள். எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, கழுத்தில் பிளாஸ்டிக் பூமாலை போட்டு, தென்னைமரம் அச்சடித்த சட்டை ஒன்று கொடுத்தார்கள். வேட்டி கட்டிய மொட்டைத்தலைப் பெரியவர்கள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வழிகாட்டியின் பெயர் சாய்குமார். நல்ல பையன்தான், ஆனால் தெலுங்கு தவிர வேறு எதுவும் தெரியாது. கூட்டத்தில் யாருக்காவது இரண்டு பாஷையும் வருமா என்று கேட்டான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். பழக்கதோஷம், கை தானாக உயர்ந்துவிட்டது. உடனே மைக்கை என் கையில் கொடுத்துவிட்டான். அன்று மாலை வரைக்கும் அது என் கையை விட்டுப் போகவில்லை.

முதலில் பேசியவர் கழகத்தின் அனுபவ மேலாளர் சம்பத்குமார். திருப்பதி சன்னிதித் தெருக்காரர், நெற்றியில் பளிச்சென்று திருமண், மேலே அதே தென்னைமரச் சட்டை. தமிழ் அவருக்குத் தாய்மொழி. ஆனாலும் உத்தியோக மொழி தெலுங்கு என்பதால் தெலுங்கிலேயே பேசி, நான் மொழிபெயர்ப்பதைத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

"நம்முடைய தீவு கடலில் இல்லையே என்று சிலர் குறை சொல்கிறார்கள். கடலில் இருந்தால் புயல் வரும், சுனாமி வரும். பயணிகளின் பாதுகாப்பைக் கருதியே கழகம் தீவை உள்நாட்டில் அமைத்திருக்கிறது. ஒரு தீவுக்கு என்ன வேண்டும்? நாலு பக்கமும் தண்ணீர் வேண்டும். அதை நாங்கள் கொடுத்தோம். அதற்கு முன்னால் அந்த இடத்துக்குப் போக வெறும் வழிதான் இருந்தது."

கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ஜனங்கள் கை தட்டினார்கள்.

பஸ் முதலில் திருச்சானூரில் நின்றது. தாயாரைப் பார்க்க அல்ல, ஒரு கடையில் சிப்பி வாங்க. தீவில் சிப்பி கிடைக்காதாம். அதனால் ஆளுக்கு ஒரு பை இங்கேயே வாங்கிக்கொண்டு போய், தீவின் மணலில் கொட்டி, பிறகு குனிந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும். அதற்கென்று நிகழ்ச்சி நிரலில் இருபது நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். ஆரணி அம்மாள் ஒருத்தி என்னைக் கேட்டாள்.

"ஏம்ப்பா, நாம வாங்கினத நாமளே கொட்டிட்டு நாமளே பொறுக்கணுமா?"

"ஆமாம்மா."

"வேற யார்னா பொறுக்கிட்டா?"

சாய்குமாரிடம் கேட்டுச் சொன்னேன். அதற்குக் கழகம் பொறுப்பல்ல என்றான்.

புத்தூர் தாண்டி பஸ் எங்கள் கண்டிகைக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறைத்தது. சாய்குமார் எழுந்து நின்று காகிதத்தைப் பார்த்து வாசித்தான். நான் சொன்னேன்: "இடப்பக்கம் பாருங்கள். இவர்கள் தீவின் ஹோஸ்ட் மக்கள். சாதுவானவர்கள். ஜன்னல் வழியாகப் படம் எடுக்கலாம், தின்பதற்கு எதுவும் கொடுக்க வேண்டாம்." இடப்பக்கம் என் வீடு. வாசலில் நைனா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டு நின்றிருந்தார். ஏழெட்டு பேர் படம் எடுத்தார்கள். ஹரிதா கண்ணாடியைத் தட்டி, "தாத்தா! தாத்தா!" என்று கத்தினாள். கறுப்புக் கண்ணாடி, அவருக்கு எங்களைத் தெரியவில்லை. பொதுவாக ஒரு கையாட்டு ஆட்டினார். "பாருங்கள், கை ஆட்டுகிறார்கள்" என்றான் சாய்குமார். அது காகிதத்தில் இல்லாதது, அவனுக்கே சந்தோஷம்.

"எறங்கிடலாம் மச்சான், அவமானமா கீது" என்றான் ஜெயபிரகாஷ் என் காதில்.

"இன்னும் கொஞ்ச நேரம்டா. முடி எறக்கிட்டு பேசிக்கலாம்" என்றேன்.

கரையில் தேங்காய்ச் சாதம் போட்டார்கள். குமட்டாமல் இருக்க ஆளுக்கொரு மாத்திரை கொடுத்தார்கள். அன்றைக்கு நீர்த்தேக்கத்தில் காற்றே இல்லை, தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்தது மாதிரி கிடந்தது. மாத்திரை போட்டதற்குக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் படகில் ஏற்றினார்கள். படகு நேராகப் போனால் ஆறு நிமிஷம். ஆனால் டிக்கெட்டில் 'தீவைச் சுற்றி' என்று இருந்ததாம், ஆகவே சுற்றியது, மூன்று முறை. ஒவ்வொரு சுற்றிலும் வேப்பமரம் கிட்டே வந்து விலகிப் போனது. மரம் கிட்டே வரும்போதெல்லாம் தரணி குழந்தையின் தலையைத் தடவி, "இதோ வந்துட்டோம்மா" என்றாள். அம்மனிடம் சொன்னாளோ குழந்தையிடம் சொன்னாளோ, நான் கேட்கவில்லை. என் நெஞ்சில் மட்டும் கிருஷ்ணப்பாவின் பாலம் ஓடிக்கொண்டே இருந்தது.

இறங்கிய இடத்தில் லாரி மணல் கொட்டி எட்டு பிளாஸ்டிக் தென்னை நட்டிருந்தார்கள். முன்பு அங்கே நிஜத் தென்னை மூன்று இருந்தது. காய் விழுந்து பயணிகளுக்கு அடிபடும் என்று வெட்டிவிட்டார்களாம். ஜனங்கள் சிப்பியைக் கொட்டிப் பொறுக்க ஆரம்பித்தார்கள். ஆரணி அம்மாள் தன் சிப்பிகளைச் சுற்றிச் சேலையை விரித்து உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியில் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார்கள். அம்மன் இருந்தாள். மஞ்சளைச் சுரண்டிக் கழுவி, சிமெண்டுப் பீடத்தில் ஏற்றி, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். பக்கத்தில் பலகை. சாய்குமார் அதைக் காட்டி, "சதவண்டி சார்" என்றான். படிக்கச் சொல்கிறான். நான் மைக்கில் படித்துக்கொண்டே தமிழில் சொன்னேன்: "காட்சிப் பொருள் எண் ஏழு. இது இத்தீவின் பூர்வகுடிகள் வணங்கிய கல். கடலில் போனவர்கள் பத்திரமாகத் திரும்ப இதை வேண்டிக்கொள்வார்கள். அந்தக் குடிகள் முற்றிலும் அழிந்துவிட்டார்கள்." சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

தரணி அதற்குள் கயிற்றைத் தாண்டிப் போயிருந்தாள். மடியிலிருந்த மஞ்சள் பொட்டலத்தைப் பிரித்துக் கல்லில் பூச ஆரம்பித்துவிட்டாள். ஜெயபிரகாஷ் சம்மணம் போட்டு உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தான். இரண்டு காவலர்கள் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"இது எங்க சாமிப்பா, எங்க கொலதெய்வம். கொயந்தைக்கு முடி எறக்கணும்" என்றேன் தெலுங்கில், பிறகு தமிழில், பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

"தீவுல எதையும் விட்டுட்டுப் போகக் கூடாது சார். முடி உயிரியல் கழிவுல வருது" என்றான் சாய்குமார் தெலுங்கில். பாவம், அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "அதுவும் போக, அந்தக் குடி அழிஞ்சுபோச்சுன்னு நீங்களே இப்ப மைக்ல சொன்னீங்களே."

படகில் கூடவே வந்திருந்த சம்பத்குமாரை வரவழைத்தார்கள். அவர் என்னைத் தனியாக அழைத்துப் போய்த் தோளில் கை போட்டு, முதல்முறையாகத் தமிழில் பேசினார்.

"எனக்குப் புரியாதா சொல்லுங்கோ. எங்காத்துலயும் குழந்தைகளுக்கு முடி எறக்கறோமே. நீங்க சாமிக்குப் பண்றேள்னு எழுதினா எண்டோமெண்ட்ஸ்காரா, அதான் அறநிலையத்துறை, வருவா, வழிபாட்டு உரிமைன்னு ஆரம்பிப்பா, அப்பறம் பாலம் எங்கேன்னு கேப்பா. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. ஆனா ஒண்ணு பண்ணலாம். அடுத்த வாரம் மேலேர்ந்து இன்ஸ்பெக்‌ஷன். தீவுல எல்லாம் இருக்கு, உயிருள்ள கலாசாரம்தான் இல்லைன்னு மார்க்கைக் கொறைச்சுடறா. நீங்க பண்றதையே ஒரு நிகழ்ச்சியா பண்ணிடுங்கோளேன். 'அழிந்துபோன பூர்வகுடிகளின் முடியிறக்கும் சடங்கு, நடித்துக் காட்டுபவர்கள் உள்ளூர்க் கலைஞர்கள்.' சடங்குன்னா தடை, நடிப்புன்னா தடையில்லே. குழந்தைக்கும் முடி எறங்கிடும், கழகத்துக்கும் கலாசாரம் கெடைச்சுடும். யாருக்கு நஷ்டம்?"

சட்டைப்பையிலிருந்து ஒரு தெலுங்குப் படிவத்தை எடுத்தார். ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்தார்கள், பெயர் எழுத மட்டும்தான் இடம். "கீழே கையொப்பமிட்டுள்ள கலைஞர்களாகிய எங்களுக்கும் காட்சிப் பொருள் எண் ஏழுக்கும் பரம்பரைத் தொடர்பு எதுவும் இல்லை. இனி எக்காலத்திலும் கோரமாட்டோம்."

ஜெயபிரகாஷுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும். எட்டிப் பார்த்தவன் என் கையைப் பிடித்தான். "போடாத மச்சான். முடி எறங்கலன்னா எறங்கல. இத போட்டா நாளைக்கு அறுவது ஊட்டுக்கும் எதிரா இதுதான் ஆதாரம்."

தரணிக்குப் படிக்கத் தெரியாது. கையெல்லாம் மஞ்சளாக நின்றுகொண்டு, "இன்னாங்க எழுதிக்கீது?" என்று கேட்டாள்.

மரத்தடிக்கு என்று ஒதுக்கியிருந்த நாற்பது நிமிஷத்தில் பதினெட்டு போயிருந்தது. மூன்று வயது முடிய ஒன்பது நாள்தான், அடுத்த சுற்றுலா பதினைந்து நாள் கழித்து. வராந்தாவில் அவள் உட்கார்ந்திருந்த அந்த நான்கு நாளும் என் கண்முன் வந்தன. எழுதியிருந்ததில் பாதியைக்கூட நான் அவளிடம் சொல்லவில்லை. "முடி எறக்க உடறாங்களாம்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

எங்களுக்குத் தழையால் கட்டிய இடுப்பாடை கொடுத்தார்கள். தரணி அது எதற்கு என்று கேட்டாள். கோயிலில் புதிதாக ஏற்படுத்திய வழக்கம் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன். அவள் பக்தியாக வாங்கிச் சேலைக்கு மேலே கட்டிக்கொண்டாள். ஜெயபிரகாஷ் கட்ட மாட்டேன் என்றான், பிறகு அக்காளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டிக்கொண்டான். குழந்தையை மடியில் வைத்து, முதல் கொத்தை எடுத்தான். ஹரிதா வீறிட்டு அழுதாள். சிப்பி பொறுக்கியவர்கள் எல்லாரும் ஓடி வந்து சுற்றி நின்று படம் எடுத்தார்கள். தரணி யாரையும் பார்க்கவில்லை. விழுகிற முடியை ஒன்றுவிடாமல் முந்தானையில் ஏந்திக்கொண்டு, கல்லைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கும் எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. எப்படியோ முடி இறங்கிவிட்டது, அம்மனுக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

மழித்து முடித்ததும் சாய்குமார் ஒரு காகிதத்தை நீட்டினான். வேலூர்க்காரர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் நிகழ்ச்சி என்று கணக்கில் வராது. சம்பத்குமார் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் மைக்கை வாயருகே கொண்டு போனேன். தெலுங்கில் படிப்பது ஒன்று, அதையே தமிழில் தரணி கேட்கச் சொல்வது வேறு. குரல் எனக்கு முன்னாலேயே பழக்கப்பட்ட வழியில் போய்விட்டது.

"அன்பார்ந்த பயணிகளே, நீங்கள் இப்போது கண்டது நடிப்பு. இந்தக் கல்லை வணங்கிய குடிகள் இன்று உயிரோடு இல்லை. நடித்துக் காட்டிய இவர்களுக்கும் இந்தத் தெய்வத்துக்கும் எந்த உறவும் கிடையாது. உறவு இல்லை என்று இவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்."

தரணி மெதுவாகத் திரும்பினாள். இடுப்புத் தழையைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எழுந்து, முந்தானையைப் பிடித்தபடியே என் எதிரில் வந்து நின்றாள். கோபம் இல்லை, சத்தம் இல்லை.

"நாம இல்லன்னா, அப்போ இந்த முடிய குடுத்தது யாருங்க?"

மைக்கை நான் கீழே இறக்கியிருக்கவில்லை. அவள் கேட்டது எட்டுப் பிளாஸ்டிக் தென்னையிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்களில் முழங்கியது. அதுவும் நாடகத்தில் வருகிற வசனம் என்று நினைத்து ஜனங்கள் பலமாகக் கை தட்டினார்கள். ஆரணி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாய்குமார் பேனாவோடு என்னிடம் ஓடி வந்து, அந்த அம்மா கடைசியாக என்ன சொன்னார், தெலுங்கில் சொல்லுங்கள், நன்றாக இருக்கிறது, ஒவ்வொரு சுற்றுலாவிலும் வைத்துக்கொள்ளலாம் என்றான்.

நான் சொல்லவில்லை. மைக்கை அணைத்து அவன் கையில் கொடுத்தேன்.

விசில் ஊதினார்கள். தரணி பீடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. முடியைக் கல்லின் காலடியில் வைக்கவும் இல்லை. முந்தானையில் இறுக்கி முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, மொட்டைக் குழந்தையை ஜெயபிரகாஷின் தோளிலிருந்து வாங்கிக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்து போய்ப் படகில் ஏறி உட்கார்ந்தாள்.